தசம எண்களை ரவுண்டு பண்ணுவது: டியூஷனில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள்

சாயங்காலத்தில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தசமத்தை ரவுண்டு பண்ணும் பாடம் வந்தால் போதும், அதே சந்தேகங்கள் வரிசை கட்டி வந்துவிடும். பிள்ளைகள் கேட்டு முடித்தால் கூட்டிப்போக வரும் அம்மா அப்பா ஆரம்பிப்பார்கள், அவர்கள் கேட்பது இன்னும் வில்லங்கமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல முடியாததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நாளைக்குப் பரீட்சை என்பவர்கள் நேராக மூன்றாவது கேள்விக்குப் போகலாம்.

1. ரவுண்டு பண்றதுன்னா என்ன அக்கா, வேண்டாத எண்ணை வெட்டி விட்டுடறதா?

வெட்டுவது இல்லை, எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை எடுங்கள். ஒரு பென்சிலின் நீளம் 4.37 செ.மீ. என்று யாரோ நல்ல கருவியில் அளந்து சொல்லிவிட்டார். உங்கள் ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடுகள் மட்டும்தான், 4.3 உண்டு, 4.4 உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. பென்சில் முனை எந்தக் கோட்டுக்குப் பக்கம்? 4.3க்கு 0.07 தூரம், 4.4க்கு 0.03 தான். ஆகவே 4.4. விதி என்று நாம் மனப்பாடம் செய்வதெல்லாம் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான். வெட்டினால் 4.3 வந்திருக்கும், தூரமான கோடு. வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தாவது கேள்வியில் ஒரு பெரிய கதை இருக்கிறது.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முழுதாக்குதல், முழுமையாக்குதல், தோராயமாக்கல் என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இலங்கைப் பாடநூல்களில் மட்டந்தட்டல் என்பார்கள், எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது, மேடு பள்ளத்தைத் தட்டிச் சமன் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது. வகுப்பில் எல்லோரும் சொல்வது ரவுண்டு பண்றது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

2. பத்தாம் இடம், பத்தில் ஒன்றாம் இடம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, பாதிப் பேர் மார்க்கை விடுவது இங்கேதான். 482.9367 என்ற எண்ணை வைத்துக்கொள்வோம், கீழேயும் இதையே பயன்படுத்துகிறேன். புள்ளிக்கு இடப்பக்கம் 2 ஒன்றுகள், 8 பத்துகள், 4 நூறுகள். புள்ளிக்கு வலப்பக்கம் 9 பத்தில் ஒன்று, 3 நூறில் ஒன்று, 6 ஆயிரத்தில் ஒன்று, 7 பத்தாயிரத்தில் ஒன்று. 'இல்' என்ற ஒரு உருபுதான் வித்தியாசம், ஆனால் 80க்கும் 0.9க்கும் உள்ள வித்தியாசம்.

புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒன்று இருப்பது போல அந்தப் பக்கமும் 'ஒன்றில் ஒன்று' இருக்கும் என்று சில பிள்ளைகள் தேடுவார்கள். கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக விரிவது ஒன்றுகள் இடத்தை நடுவில் வைத்துத்தான், புள்ளியை நடுவில் வைத்து இல்லை. 'இரண்டு தசம இடத் திருத்தமாக' என்று கேட்டால் நூறில் ஒன்றாம் இடம் வரை என்று அர்த்தம்.

3. எப்படிச் செய்யணும்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்குப் பரீட்சை.

எந்த இடம் வரை என்று கேட்டிருக்கிறார்களோ அந்த இலக்கத்துக்குக் கீழே கோடு போடுங்கள். அதற்கு வலப்பக்கம் இருக்கும் ஒரே ஒரு இலக்கத்தைப் பாருங்கள், அதைத் தாண்டிப் பார்க்க வேண்டாம். அது 0, 1, 2, 3, 4 என்றால் கோடு போட்டது அப்படியே இருக்கட்டும். 5, 6, 7, 8, 9 என்றால் கோடு போட்டதில் ஒன்று கூட்டுங்கள். வலப்பக்கம் இருப்பதெல்லாம் போகும்.

482.9367ஐ நூறில் ஒன்றாம் இடத்துக்குக் கேட்டால் 3க்குக் கீழே கோடு, பக்கத்தில் 6, விடை 482.94. பத்தில் ஒன்றாம் இடத்துக்கு 9க்குக் கீழே கோடு, பக்கத்தில் 3, விடை 482.9. ஆயிரத்தில் ஒன்றுக்கு 482.937. முழு எண்ணுக்கு 483. பத்துகள் இடத்துக்கு 480. கடைசியில் 48 என்று எழுதி வைப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது இருக்கிறார்கள், ஐந்நூறுக்குப் பக்கத்தில் இருந்த எண் ஐம்பதுக்குக் கீழே எப்படிப் போகும் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

4. 480க்குப் பூஜ்யம் போடச் சொல்றீங்க, 482.94க்குப் பின்னாடி பூஜ்யம் போட்டா தப்புங்கறீங்க. ஏன்?

480ல் உள்ள பூஜ்யம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்தால் 8 பத்துகளிலிருந்து ஒன்றுகளுக்கு நகர்ந்து எண்ணே மாறிவிடும். 482.94க்குப் பின்னால் பூஜ்யம் இல்லாவிட்டாலும் 4 தன் இடத்திலேயே இருக்கும், அதனால் அங்கே அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை.

போட்டால் மதிப்பு மாறாதே என்று கேட்பார்கள். மாறாதுதான், ஆனால் 482.9400 என்று எழுதினால் பத்தாயிரத்தில் ஒன்று வரை பார்த்தேன், அங்கே பூஜ்யம்தான் இருந்தது என்று சொன்னதாக ஆகும். அசலில் அங்கே 7 இருந்ததே. ஆக அது பொய்.

5. கோடு போட்ட இலக்கம் 9ஆ இருந்தா மாட்டிக்கிறேன். 9ல ஒண்ணு கூட்டினா 10, அதை எங்க எழுதறது?

சாதாரணக் கூட்டலில் செய்வது போலத்தான், 0 எழுதி 1ஐ இடப்பக்கம் கொண்டுபோங்கள். 3.996ஐ நூறில் ஒன்றாம் இடத்துக்கு ரவுண்டு பண்ணினால் 3.99உடன் 0.01 கூடுகிறது, 4.00. பிள்ளைகள் 3.910 என்று 9ஐ அழித்து 10ஐ அங்கேயே நெருக்கி எழுதிவிடுவார்கள், அது நூறில் ஒன்றாம் இடத்தில் இரண்டு பேரை உட்கார வைப்பது மாதிரி.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் பிராட்மேன். டெஸ்டில் 6,996 ரன், 80 இன்னிங்ஸ், 10 முறை நாட் அவுட், ஆக 70 முறை ஆட்டமிழந்தார். வகுத்தால் 99.942857 என்று போகும். இரண்டு இடத்துக்கு 99.94, உலகமே இதைத்தான் சொல்கிறது. ஒரு இடத்துக்கு 99.9. முழு எண்ணுக்கு? பத்தில் ஒன்றாம் இடத்தில் 9 இருக்கிறது, 99ல் ஒன்று கூட்டினால் 100. இன்னும் 4 ரன் அடித்திருந்தால் 7,000, உண்மையாகவே சராசரி 100. கடைசி இன்னிங்ஸில் அவர் பூஜ்யத்தில் அவுட். ரவுண்டு பண்ணி அவருக்கு 100 கொடுத்துவிடலாம், ஆனால் அந்தக் கதையே காணாமல் போய்விடும்.

6. அப்போ 4.00ன்னு எழுதணுமா, 4ன்னு எழுதினா போதாதா?

இரண்டு இடத்துக்குக் கேட்டிருந்தால் 4.00 தான். இது நான்காம் கேள்விக்கு நேர்மாறாகத் தெரியும், ஆனால் காரணம் ஒன்றே. அங்கே பார்க்காத இடத்துக்குப் பூஜ்யம் போட்டோம், இங்கே பார்த்த இடத்துக்குப் போடுகிறோம்.

நகைக்கடைத் தராசில் 8.000 என்று வந்தால்தான் ஒரு சவரன் என்று நிம்மதி. வெறும் 8 என்று மட்டும் காட்டும் தராசு இருந்தால், 7.6 கிராம் வைத்தாலும் அது 8 தான் காட்டும். இன்றைய விலையில் அந்த 0.4 கிராமுக்கு என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், பூஜ்யத்தின் மதிப்பு என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

7. 5 நடுவுலதானே இருக்கு, அதை ஏன் மேல ஏத்தணும்?

நியாயமான கேள்வி. 2.35ஐ ஒரு இடத்துக்குக் கேட்டால் 2.3க்கும் 2.4க்கும் சரியாக நடுவில் நிற்கிறது, எது பக்கம் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டு மேலே ஏற்றுகிறோம். இது ஓர் ஏற்பாடு. இயற்கை விதி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏற்பாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2.35க்குப் பின்னால் ஏதாவது ஒரு சின்ன இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால், 2.3500001 என்றால்கூட, அது நடுவைத் தாண்டி 2.4 பக்கம் வந்துவிட்டது. ஆக 5 வந்தாலே மேலே என்று வைத்துக்கொண்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாம் கேள்வியில் ஒரே ஒரு இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்றது இதனால்தான்.

8. பதினொண்ணு படிக்கிற அண்ணன் 2.745ஐ 2.74ன்னு போடறான், டீச்சர் டிக் வேற போட்டிருக்காங்க. யாரு தப்பு?

யாருமே தப்பில்லை. ஏழாம் கேள்வியில் ஏற்பாடு என்று சொன்னேன் இல்லையா, இன்னொரு ஏற்பாடும் உண்டு. சரியாக நடுவில் நிற்கும் எண்ணை, கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கம் தள்ளுவது. என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு இயற்பியலில் முக்கிய எண்ணுருக்கள் பாடத்தில் இதுதான் வரும், 2.745ம் 2.74 ஆகும், 2.735ம் 2.74 ஆகும். தொழிற்சாலை அளவுகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2இன் 1960ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இதே விதிதான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? 0.5, 1.5, 2.5, 3.5 நான்கையும் கூட்டினால் 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் 1, 2, 3, 4, கூட்டினால் 10. இரட்டைப்படைப் பக்கம் தள்ளினால் 0, 2, 2, 4, கூட்டினால் 8. ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது எப்போதும் மேலே ஏற்றினால் விடை கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே ஏறிக்கொண்டு போகும், இந்த விதி அதைத் தடுக்கிறது. ஆனால் ஒன்று, சரியாக நடுவில் இருந்தால் மட்டுமே. 2.7451 என்றால் எந்த விதியிலும் 2.75 தான், அண்ணனிடம் அதையும் கேட்டுப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடத்தில் 5 என்றால் மேலே. குழம்பாதீர்கள்.

9. நான் கடைசியிலிருந்து ஒவ்வொண்ணா ரவுண்டு பண்ணிட்டே வந்தேன், 7.3448, 7.345, 7.35, 7.4. இவ்வளவு கஷ்டப்பட்டும் தப்புன்னுட்டாங்க.

கஷ்டப்பட்டதுதான் தப்பு. 7.3448ஐ பத்தில் ஒன்றாம் இடத்துக்குக் கேட்டால் 3க்குப் பக்கத்தில் 4, விடை 7.3, முடிந்தது. ஸ்கேலில் வைத்துப் பாருங்கள், 7.3448 நடுக்கோடான 7.35ஐத் தொடவே இல்லை. நீங்கள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மேலே தள்ளித் தள்ளி, கடைசியில் நடுக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து இன்னொரு தள்ளு தள்ளிவிட்டீர்கள். எப்போதும் அசல் எண்ணிலிருந்து ஒரே தாவல்.

வருமான வரிக் கணக்கு எழுதுகிறவர்கள் இதைத் தெரியாமலே பின்பற்றுகிறார்கள். 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு, மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு ரவுண்டு பண்ணச் சொன்னது, ஆனால் முதலில் பைசாவை விட்டுவிடு என்றது. 4,36,784.90 என்றால் பைசா போய் 4,36,784, கடைசி இலக்கம் 4, ஆக 4,36,780. பைசாவை முதலில் ரவுண்டு பண்ணியிருந்தால் 785 ஆகி, 790க்குத் தாவியிருக்கும். வெட்டிவிட்டு ரவுண்டு பண்ணினால் சரியாக வரும், ரவுண்டு பண்ணிவிட்டு ரவுண்டு பண்ணினால் மாட்டிக்கொள்வோம். வலப்பக்கம் ஒரு இலக்கத்துக்கு மேல் பார்க்காதே என்பதும் ஒரு வகையில் அந்த வெட்டுதான்.

10. சின்ன எண்தானே, வெட்டிவிட்டாத்தான் என்ன குடி முழுகிடும்?

முழுகியிருக்கிறது. கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை 1,000 புள்ளியில் ஆரம்பித்தது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கணினி புது மதிப்பைக் கணக்கிட்டு மூன்று தசம இடத்தோடு மீதியை வெட்டிவிட்டது, ரவுண்டு பண்ணவில்லை. ஒரு தடவைக்கு 0.001கூட நஷ்டமில்லை. ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை, அதுவும் எப்போதும் கீழே மட்டுமே. 1983 நவம்பரில் பார்த்தால் குறியீடு 524.811ல் நிற்கிறது, சந்தையோ நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. சரியாகக் கணக்கிட்டுத் திருத்தினார்கள், 1098.892. பாதிக்கு மேல் காற்றில் போயிருந்தது!

ரவுண்டு பண்ணியிருந்தால் சில தடவை மேலே, சில தடவை கீழே என்று ஏறக்குறைய சரிக்குச் சரியாகியிருக்கும். வெட்டுவதில் அந்தச் சமன் கிடையாது.

11. கணக்கு நடுவுலயே ரவுண்டு பண்ணிட்டா ஈஸியா இருக்குமே?

ஈஸிதான், விடைதான் நகர்ந்துவிடும். 50 மீட்டர் ஆரமுள்ள வட்ட மைதானத்தின் பரப்பு, பையின் (π) மதிப்பை அப்படியே வைத்துக் கணக்கிட்டால் 7853.98 சதுர மீட்டர். பையை 3.14 என்று எடுத்தால் 7850. 3.1 என்று எடுத்தால் 7750, நூறு சதுர மீட்டருக்கு மேல் காணோம். அந்த இடத்தில் ஒரு வீடு கட்டலாம். 22/7 எடுத்தால் 7857.14, இது மேல் பக்கம். கடைசி விடை வரும் வரை எண்களை நீளமாகவே விட்டுவைத்து, கடைசியில் ஒரே ஒரு தடவை ரவுண்டு பண்ணுங்கள்.

ஆரியபட்டர் கி.பி. 499ல் கொடுத்த மதிப்பு 62832/20000, அதாவது 3.1416. பையின் 3.14159265ஐ நான்கு இடத்துக்கு மூன்றாம் கேள்வியின் முறையில் நீங்களே ரவுண்டு பண்ணிப் பாருங்கள், அதேதான் வரும். அதை அவர் 'கிட்டத்தட்ட' என்று சொல்லியே கொடுத்தார் என்பதுதான் அழகு.

12. 5க்குக் கீழ இருந்தாலும் மேல ஏத்தற இடம் ஏதாவது இருக்கா?

நிறைய. தரைக்கு 14.2 பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று கணக்கு வந்தால் 14 வாங்கி வந்து மூலையை வெறுமனே விடுவீர்களா? 15 தான். 43 பேர் போக 12 பேர் உட்காரும் வேன் என்றால் 3.58, நான்கு வேன். அதுவே 3.08 வந்தாலும் நான்குதான், ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு, ஒரு சட்டைக்கு 2.25 மீட்டர் துணி, கையில் 11 மீட்டர் இருந்தால் 4.89 வரும், தைப்பது நான்கு சட்டைதான்.

தடகளத்தில் இது ரொம்பக் கண்டிப்பு. ஓட்டத்தில் போட்டோ ஃபினிஷ் நேரம் நூறில் ஒன்றில் சரியாக நிற்காவிட்டால் அடுத்த நூறில் ஒன்றுக்கு மேலே ஏற்றுவார்கள், 10.341 வந்தாலும் 10.35. நீளம் தாண்டுதலில் கீழே இறக்குவார்கள், 7.839 மீட்டர் தாண்டினாலும் 7.83. இரண்டுமே வீரருக்குச் சாதகமாக இல்லாத பக்கம், செய்யாததைச் செய்ததாகப் பதிவில் ஏறக் கூடாது என்பதற்காக. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு 55.42 வினாடி, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணுக்கு 55.41. ஒரு தசம இடத்துக்கு ரவுண்டு பண்ணினால் இருவரும் 55.4. அந்த இரண்டாம் தசம இடம்தான் பதக்கம்.

13. மைனஸ் எண் வந்தா 5 மேலயா கீழயா?

நடு இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை, −2.37 என்றால் −2.4 தான் பக்கம். −2.5ஐ முழு எண்ணுக்குக் கேட்டால்தான் தகராறு. மைனஸை மறந்துவிட்டு 2.5ஐ 3 ஆக்கி மறுபடி மைனஸ் ஒட்டினால் −3. 'மேலே' என்றால் பெரிய எண் என்று எடுத்துக்கொண்டால் −2, ஏனென்றால் −2தான் −3ஐவிடப் பெரியது. எக்செல் −3 தருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி நிரல் மொழி −2 தருகிறது. பள்ளிக் கணக்கில் இதைக் கேட்டால் முதல் முறையைச் செய்யுங்கள்.

பன்னிரண்டாம் கேள்வியின் தடகளத்திலேயே காற்றின் வேகத்துக்கு ஒரு விதி உண்டு, எப்போதும் கூடுதல் பக்கமாகவே அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏற்ற வேண்டும். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று அளப்பார்கள், பின்னாலிருந்து தள்ளும் காற்று ப்ளஸ், எதிர்க்காற்று மைனஸ். +2.03 என்பது +2.1 ஆகும், −2.03 என்பது −2.0 ஆகும். எண் கோட்டில் இரண்டும் வலப்பக்கமே நகர்ந்திருக்கின்றன. +2.0 வரைதான் சாதனையாக ஏற்பார்கள் என்பதால் அந்த 0.03 ஒருவருடைய சாதனையையே கெடுத்துவிடும்.

14. 19.4 ஓவரை முழு எண்ணுக்கு ரவுண்டு பண்ணா 19தானே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு நான் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் புள்ளி தசமப் புள்ளியே இல்லை. 19 ஓவர் 4 பந்து, ஓவருக்கு 6 பந்து, ஆக 19ம் ஆறில் நான்கும், 19.667. முழு ஓவருக்கு ரவுண்டு பண்ணினால் 20. 160 ரன்னை 19.4ஆல் வகுத்தால் 8.25 வரும், தப்பு. 118 பந்து என்று எடுத்துச் சரியாக வகுத்தால் 8.14. நெட் ரன் ரேட்டில் மூன்றாம் தசம இடத்தில் அணிகள் அடித்துக்கொள்ளும்போது இது சின்னத் தப்பு இல்லை.

இதே மாதிரி 2.30 மணி என்பதும் 2.3 மணி நேரம் இல்லை, இரண்டரை மணி நேரம் 2.5. உயரம் 5.10 என்று சொல்வதும் அப்படித்தான், ஐந்தடி பத்து அங்குலம். கடைசிப் பூஜ்யத்தை எடுத்து 5.1 என்றால் ஒரே நொடியில் ஒன்பது அங்குலம் குள்ளமாகிவிடுவீர்கள்.

15. கடை பில்லுல ரவுண்ட் ஆஃப்னு ஒரு வரி வருதே, அதுல ஏமாத்தறாங்களா?

இந்த வரியில் ஏமாற்ற இடம் குறைவு, அடையாளத்தைப் பாருங்கள். 247.38 என்றால் −0.38 போட்டு 247, 247.62 என்றால் +0.38 போட்டு 248. சில நாள் நமக்கு, சில நாள் கடைக்கு. எல்லாப் பில்லிலும் ப்ளஸ் மட்டுமே வருகிறது என்றால் கேளுங்கள், அது பத்தாம் கேள்வியின் கதைதான், திசை மட்டும் மேலே.

38 பைசாவைக் கையில் கொடுக்கவே முடியாதே. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றாகிவிட்டது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆவது பிரிவும் வரித் தொகையைப் பக்கத்து ரூபாய்க்கு ரவுண்டு பண்ணச் சொல்கிறது, 50 பைசா அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு ரூபாய். நம் 5 விதிதான்.

16. 100 ரூபாயை மூணு பேருக்குப் பிரிச்சா 33.33, கூட்டினா 99.99. அந்த ஒரு பைசா எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, ரவுண்டு பண்ணியபோது ஒவ்வொருவரிடமிருந்தும் மூன்றில் ஒரு பைசா குறைத்தீர்கள். மூன்றில் ஒரு பங்கு என்பதைத் தசமத்தில் முழுதாக எழுதவே முடியாது. நடைமுறையில் ஒருவருக்கு 33.34 கொடுத்துவிடுவார்கள். செய்தித்தாளில் சதவீதங்களைக் கூட்டினால் சில சமயம் 99.9, சில சமயம் 100.1 வரும், அதற்கும் இதுதான் காரணம்.

17. எக்செல்ல 0ம் 0ம் கூட்டினா 1 காட்டுது, சார் கிட்ட காட்டினா சிரிக்கிறாங்க.

இரண்டு செல்லிலும் 0.4 இருக்கும், அல்லது 0.3, 0.4. தசம இடத்தைக் குறைக்கும் பட்டனை அழுத்தியிருப்பீர்கள், அது காட்டுவதை மட்டும் மாற்றும், உள்ளே இருப்பதைத் தொடாது. 0.4 என்பது 0 என்று தெரியும், கூட்டுத்தொகை 0.8 என்பது 1 என்று தெரியும். மதிப்பையே மாற்ற வேண்டும் என்றால் ரவுண்ட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டும். எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள், சம்பளப் பட்டியலில் இந்தத் தகராறு வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

18. பைத்தான்ல 2.675ஐ ரெண்டு இடத்துக்கு ரவுண்டு பண்ணா 2.67 வருது. எட்டாம் கேள்வியோட இரட்டைப்படை விதியா?

இல்லை. இரட்டைப்படை விதிப்படியே 2.68 வந்திருக்க வேண்டுமே. பைத்தான் என்ற நிரல் மொழி 2.5ஐ 2 ஆக்குவது அந்த விதியால்தான், ஆனால் இது வேறு. கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணை வைத்துக்கொள்கிறது, 2.675ஐ அதில் சரியாக எழுத முடியாது, பதினாறாம் கேள்வியில் மூன்றில் ஒன்று தசமத்தில் அடங்காதது போல. உள்ளே இருப்பது 2.67499999... என்று போகும் ஓர் எண். அது நடுக்கோட்டுக்கு மயிரிழை கீழே, ஆக 2.67 சரியான விடைதான்.

சாதாரண 0.1கூட அப்படி அடங்காத எண். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில், எதிரி ஏவுகணையை வானிலேயே வீழ்த்தும் அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைக் கருவி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணிக்கொண்டிருந்தது. 0.1ஐ 24 பிட்டோடு வெட்டி வைத்திருந்ததால், 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 வினாடி பிசகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். கருவி வேறு இடத்தில் தேடியது, 28 வீரர்கள் இறந்தார்கள்.

19. 98.6 தான் நார்மல்ங்கறாங்க, என் பொண்ணுக்கு 98.9 காட்டுது. காய்ச்சலா?

காய்ச்சலா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், அந்த .6 எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிச் கொடுத்த அளவு 37 டிகிரி செல்சியஸ், முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. மாற்றியதில் வந்த தசமத்தைப் பார்த்ததும் ஏதோ பத்தில் ஒன்று வரை அளந்து சொன்னது போல நமக்குத் தோன்றுகிறது. 37 என்பதை முழு டிகிரிக்கு ரவுண்டு பண்ணியது என்று எடுத்துக்கொண்டால் அசல் 36.5லிருந்து 37.5க்குக் கொஞ்சம் கீழே வரை எதுவாகவும் இருக்கலாம், ஃபாரன்ஹீட்டில் 97.7லிருந்து 99.5 வரை.

20. 59.96 சதவீதம்னா 60 தானே, ஏன் சீட் தர மாட்டேங்கறாங்க?

கணக்குப்படி ரவுண்டு பண்ணினால் 60தான். ஆனால் '60க்குக் குறையாமல்' என்று விதி இருந்தால் ரவுண்டு பண்ணலாம் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 59.96 அறுபதைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஜெர்மனியில் 1992ல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 5.0 சதவீதம் என்று கணினி அச்சடித்தது, 5 சதவீதம் இருந்தால் சட்டமன்றத்தில் இடம். அசல் 4.97. கண்டுபிடித்ததும் இடம் போய்விட்டது. விண்ணப்பத்தில் 59.96 என்றே எழுதுங்கள், நீங்களாக 60 என்று எழுதிவிட்டால் அது வேறு பிரச்சினை.

21. 4.7ன்னு ரவுண்டு பண்ணிட்டாங்க, அசல் எண் என்னவா இருந்திருக்கும்னு கேட்டா?

4.65லிருந்து ஆரம்பித்து 4.75ஐத் தொடாமல் எதுவாகவும் இருந்திருக்கலாம். 4.65 சேரும், ஏழாம் கேள்விப்படி அது மேலே ஏறும். 4.75 சேராது, அது 4.8 ஆகிவிடும். மிகச் சிறிய எண் 4.65 என்று சொல்லிவிடலாம், மிகப் பெரிய எண் எது என்று கேட்டால் பதில் கிடையாது, 4.74 சொன்னால் 4.749 இருக்கிறது, 4.749 சொன்னால் 4.7499 இருக்கிறது. இரண்டு தசம இடமுள்ள எண் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும் 4.74.

22. எத்தனை இடத்துக்குன்னு கேள்வியில சொல்லவே இல்லையே, என்ன பண்றது?

பணம் என்றால் இரண்டு இடம். அளவுகள் என்றால், கொடுத்த எண்களிலேயே எது சுமாராக அளந்ததோ அதைத் தாண்டிப் போகாதீர்கள். 2.4 மீட்டருக்கு 1.35 மீட்டர் துணியின் பரப்பு 3.24 சதுர மீட்டர் என்று பெருக்கினால் வரும், ஆனால் 2.4 என்பதையே 2.35லிருந்து 2.45 வரை எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே பார்த்தோம், ஆக 3.2 என்று சொல்வதுதான் நேர்மை.

பரீட்சையில் இவ்வளவு யோசிக்க நேரம் இருக்காது. இரண்டு இடம் வரை போட்டுவிட்டு, விடைக்குப் பக்கத்தில் 'இரண்டு தசம இடத் திருத்தமாக' என்று எழுதிவிடுங்கள். ரவுண்டு பண்ணாத நீள எண்ணை அதற்கு மேல் வரியில் விட்டுவையுங்கள், அழிக்க வேண்டாம், திருத்துகிறவர் பார்க்கட்டும்.